பட்டம் யாருடையது? உலகச் சதுரங்க சாம்பியன்ஷிப் குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனதிலிருந்து சதுரங்கம் பற்றிய கேள்விகள் இப்பகுதிக்குத் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன. ஆட்ட நுணுக்கங்களைக் கேட்டிருப்பவர்கள் பொறுத்தருள வேண்டும். பட்டத்தின் வரலாற்றைக் கேட்டவர்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில் எழுதுகிறேன். ஒன்றையே பலர் கேட்டிருந்தால் அக்கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

உலக சாம்பியன் என்ற பட்டம் 1886-இல் தொடங்கியது என்கிறார்கள். ஒரு நூலில் 1866 என்று படித்தேன். அச்சுப்பிழையா?
— வாசகர், கும்பகோணம்

அச்சுப்பிழை அன்று. இரண்டு ஆண்டுகளுக்கும் ஆதரவாகப் பேசுபவர்கள் உண்டு. இரண்டிலும் நாயகர் ஒருவரே, பிராகில் பிறந்த வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸ். 1866-இல் லண்டனில் அவர் ஜெர்மானியரான அடால்ஃப் ஆண்டர்சனை 8–6 என்ற கணக்கில் வென்றார். பதினான்கு ஆட்டங்களில் ஒன்றுகூட டிராவில் முடியவில்லை; அந்தக் காலத்து ஆட்டம் அவ்வளவு முரட்டுத்தனமானது. 1851-இல் நடந்த லண்டன் போட்டியில் முதலிடம் பெற்றவர் ஆண்டர்சன் என்பதால், அவரை வென்றவரே உலகின் முதல்வர் என்று வாதிட இடமிருந்தது.

ஆனால் 1858-இல் பாரிஸில் பால் மார்ஃபி என்ற அமெரிக்க இளைஞர் இதே ஆண்டர்சனை ஏழு வெற்றி, இரண்டு தோல்வி, இரண்டு டிரா என்று வீழ்த்தியிருந்தார். பிறகு போட்டி ஆட்டத்தையே கைவிட்டு நியூ ஆர்லியன்ஸில் ஒதுங்கி வாழ்ந்தார். அவர் உயிரோடு இருக்கும்வரை இன்னொருவர் தம்மை முதல்வர் என்று அறிவித்துக்கொண்டால் ஊர் நம்பாது. மார்ஃபி 1884-இல் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டு லண்டனில் நடந்த பெரிய போட்டியில் யோஹானஸ் சுகர்டார்ட் முதலிடம் பெற்றிருந்தார்; இரண்டாமிடம் வந்த ஸ்டைனிட்ஸ் அவரைவிட மூன்று புள்ளி பின்தங்கியிருந்தார். இந்த இருவரும் உலகப் பட்டத்துக்காகவே ஆடுகிறோம் என்று ஒப்பந்தம் எழுதி, 1886 ஜனவரியில் நியூயார்க்கில் அமர்ந்தார்கள். முதலில் பத்து வெற்றி பெறுபவர் சாம்பியன். நியூயார்க்கில் நடந்த ஐந்து ஆட்டங்களில் சுகர்டார்ட் 4–1 என முன்னிலை பெற்றார். செயின்ட் லூயிஸ், நியூ ஆர்லியன்ஸ் என்று ஊர் மாற மாற ஆட்டமும் மாறி, முடிவில் ஸ்டைனிட்ஸ் 10–5 என வென்றார். ஐந்து ஆட்டங்கள் டிரா.

இந்தப் பட்டத்தை எந்தச் சங்கமும் எந்த அரசும் வழங்கவில்லை. இருவர் தங்களுக்குள் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தை உலகம் ஏற்றுக்கொண்டது, அவ்வளவுதான். பின்னால் வந்த சச்சரவுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இங்கேயே இருக்கிறது.

பட்டத்தை இழந்த காபாபிளாங்காவுக்கு அலெகைன் மறுபோட்டி தராமலே இருந்துவிட்டார் என்று படித்தேன். பயந்துவிட்டாரா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

பயம் இருந்திருக்கலாம். ஆனால் ரஷ்யாவில் பிறந்த அலெகைன் பயன்படுத்திய ஆயுதம், கியூபாவின் காபாபிளாங்கா தம் கையால் செய்து வைத்தது.

பட்டம் ஒப்பந்தத்தில் பிறந்ததால், அதை வைத்திருப்பவர் யாரோடு, எப்போது, எவ்வளவு பணத்துக்கு ஆடுவது என்பதைத் தாமே முடிவு செய்தார். ஸ்டைனிட்ஸை 1894-இல் வென்ற இமானுவல் லாஸ்கர் இருபத்தேழு ஆண்டுகள் பட்டத்தை வைத்திருந்தார். அவ்வளவு நீண்ட ஆட்சி வேறெவருக்கும் வாய்க்கவில்லை. அவர் பெரிய ஆட்டக்காரர் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் 1910-க்கும் 1921-க்கும் இடையில் ஒரு பட்டப் போட்டிகூட நடக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1911-இல் காபாபிளாங்காவுடன் நடந்த பேச்சு நிபந்தனைகளில் சிக்கி முறிந்தது. 1914-இல் அகிபா ரூபின்ஸ்டைனுடன் ஆடுவதாக இருந்ததை முதல் உலகப்போர் விழுங்கியது. கடைசியில் 1921-இல் ஹவானாவில், ஐம்பதைக் கடந்த வயதில், லாஸ்கர் காபாபிளாங்காவிடம் ஓர் ஆட்டம்கூட வெல்ல முடியாமல் பட்டத்தை இழந்தார்: நான்கு தோல்வி, பத்து டிரா.

காபாபிளாங்கா ஒழுங்கு கொண்டுவர நினைத்தார். 1922-இல் லண்டனில் முன்னணி ஆட்டக்காரர்களைக் கூட்டி ஒரு விதித்தொகுப்பில் கையெழுத்து வாங்கினார். அலெகைனும் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். முதலில் ஆறு வெற்றி பெறுபவருக்குப் பட்டம். பரிசுத் தொகை 10,000 டாலருக்குக் குறைந்தால் சாம்பியன் ஆட வேண்டிய கட்டாயமில்லை. அந்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு முதலிலேயே சாம்பியனுக்குப் போய்விடும். மிச்சத்தைத்தான் வென்றவரும் தோற்றவரும் பங்கிட்டுக்கொள்வார்கள். 1920-களில் 10,000 டாலர் என்பது ஒரு சதுரங்க ஆட்டக்காரர் தனியாகத் திரட்டக்கூடிய பணமே அன்று. விதி என்ற பெயரில் எழுப்பிய மதில் அது.

அர்ஜென்டினாவின் ஆதரவோடு அலெகைன் அந்த மதிலைத் தாண்டினார். 1927-இல் புவெனஸ் ஐரிஸில் முப்பத்து நான்கு ஆட்டங்கள் நடந்தன. அவற்றில் முப்பத்திரண்டில் ராணிச் சிப்பாய்ப் பலியை மறுக்கும் ஒரே தொடக்க முறையை இருவரும் மாற்றி மாற்றி ஆடினார்கள். பார்வையாளர்களின் பொறுமையை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது. இருபத்தைந்து டிராக்களுக்கு நடுவே அலெகைன் 6–3 என வென்றார். அதற்கு முன் அவர் காபாபிளாங்காவை ஒருமுறைகூட வென்றதில்லை.

மறுபோட்டி என்று பேச்சு எழுந்ததும் அலெகைன் லண்டன் விதிகளை எடுத்து மேசைமேல் வைத்தார்: பத்தாயிரம் டாலரைக் கொண்டு வாருங்கள். 1929-இன் பங்குச்சந்தை வீழ்ச்சிக்குப் பிறகு அதைப் பொன் மதிப்பில் கேட்டார். இதற்கிடையில் போகல்யூபோவுடன் 1929-இலும் 1934-இலும் ஆடி எளிதாக வென்றார். கபட நோக்கம் இருந்தது என்று நானும் நினைக்கிறேன்; ஆனால் விதியை மீறினார் என்று குற்றம் சாட்ட வழியில்லை. இருவரும் மீண்டும் ஒரே பலகையில் அமர்ந்தது 1936-இல் நாட்டிங்காம் போட்டியில்தான். அந்த ஆட்டத்தில் காபாபிளாங்கா வென்றார். அப்போது பட்டம் இருவரிடமும் இல்லை: முந்தைய ஆண்டே டச்சுக் கணித ஆசிரியர் மாக்ஸ் யூவே, முப்பது ஆட்டங்களில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் அலெகைனைத் தோற்கடித்திருந்தார். யூவே சொன்ன சொல் தவறாமல் 1937-இல் மறுபோட்டி தந்தார், தந்து தோற்றார். இந்த யூவேயின் பெயர் கீழே இன்னொரு பதிலிலும் வரும்.

ஃபிடே எப்போது இதற்குள் வந்தது?
— கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1924-இல் பாரிஸில் தொடங்கப்பட்டது. ஆனால் கால் நூற்றாண்டு அளவுக்குப் பட்டத்தின் மேல் அதற்கு எந்தப் பிடியும் இல்லை. 1946 மார்ச்சில் அலெகைன் போர்ச்சுகலின் எஸ்டோரில் நகரில் பட்டத்தோடு இறந்தபோது, பட்டத்தைப் பறிக்க ஆளில்லாமல் அது அந்தரத்தில் நின்றது. ஃபிடேக்கு அதுவே வாய்ப்பு. 1948-இல் ஹேக் நகரிலும் மாஸ்கோவிலுமாக ஐவர் ஆடினார்கள். மிகைல் போட்வின்னிக் 20-க்கு 14 புள்ளி எடுத்து, அடுத்து வந்த ஸ்மிஸ்லாவைவிட மூன்று புள்ளி முன்னால் நின்றார். அதன்பின் மூன்றாண்டுக்கு ஒருமுறை கட்டாயப் பட்டப் போட்டி, சவால் விடுபவரைத் தேர்ந்தெடுக்கத் தகுதிச் சுற்றுகள் என்று ஒழுங்கு வந்தது. பணம் திரட்டினால்தான் சவால் என்ற நிலை மாறியது.

போட்வின்னிக்கைப் பற்றி ஒரு செய்தி: பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆடிய எந்தப் போட்டியிலும் அவர் வென்றதில்லை. 1951, 1954 சமம். 1957, 1960, 1963 தோல்வி. 1958-இலும் 1961-இலும் பட்டத்தை மீட்டது, தோற்ற சாம்பியனுக்கு மறுபோட்டி உரிமை உண்டு என்ற விதியால். அவ்விதி நீக்கப்பட்டபின் 1963-இல் பெட்ரோசியானிடம் தோற்றபோது திரும்பி வர வழியில்லை.

போட்டி சமநிலையில் முடிந்தால் பட்டம் பழைய சாம்பியனுக்கே என்பது என்ன நியாயம்? கிரிக்கெட்டில் இப்படி இல்லையே.
— வாசகர், யாழ்ப்பாணம்

"வைத்திருப்பவனை வீழ்த்தினால்தான் எடுத்துக்கொள்ளலாம்" என்ற பழைய மல்யுத்த நியாயம் அது. கிரிக்கெட்டிலும் ஆஷஸ் தொடர் சமமானால் கோப்பை வைத்திருப்பவரிடமே இருக்கும். ஆனால் சதுரங்கத்தில் இது பலரைக் கொஞ்சம் கொடூரமாகவே பாதித்திருக்கிறது.

1910-இல் ஆஸ்திரியரான கார்ல் ஷ்லெக்டர், பத்து ஆட்டங்கள் கொண்ட போட்டியில் ஒன்பது முடிந்தபோது லாஸ்கரைவிட ஒரு புள்ளி முன்னால் இருந்தார். பத்தாவது ஆட்டத்தில் தோற்றார், 5–5. 1951-இல் டேவிட் பிரான்ஸ்டைன் இரண்டே ஆட்டங்கள் மீதமிருக்கையில் ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தார். இருபத்து மூன்றாவது ஆட்டத்தைப் போட்வின்னிக் வென்றார், 12–12. 2004-இல் சுவிட்சர்லாந்தின் பிரிசாகோவில் ஹங்கேரியின் பீட்டர் லேகோ கடைசி ஆட்டத்துக்கு முன்னிலையோடு வந்தார். கிராம்னிக் அதை வென்று 7–7 ஆக்கினார். இம்மூவரும் அதற்குப்பின் சாம்பியன் ஆகவே இல்லை. 1987-இல் செவில் நகரில் எதிர்ப்பக்கம் இருந்தவர் கார்போவ் என்பதால் அனுதாபம் குறைவு, ஆனால் பதற்றம் அதிகம்: இருபத்து மூன்றாவது ஆட்டத்தைத் தோற்று 11–12 எனப் பின்தங்கிய காஸ்பரோவ், கடைசி ஆட்டத்தை வென்றே தீர வேண்டிய நிலையில் வென்று பட்டத்தைக் காத்தார்.

2006 முதல் இந்தச் சலுகை இல்லை. சமமானால் ரேபிட் என்னும் விரைவு ஆட்டங்கள் முடிவு செய்கின்றன. 2006, 2012, 2016, 2018, 2023 என ஐந்து முறை அப்படி நடந்திருக்கிறது. 2018-இல் லண்டனில் கார்ல்சனும் கருவானாவும் ஆடிய பன்னிரண்டு ஆட்டங்களும் டிரா. பிறகு ரேபிட் ஆட்டங்களில் கார்ல்சன் 3–0. பல நாள் யோசித்து ஆடும் பட்டத்தை அரை மணி ஆட்டத்தில் தீர்ப்பதும் முழு நியாயமாக எனக்குப் படவில்லை. ஆனால் ஷ்லெக்டரின் கதியைவிட மேல்.

1975-இல் ஃபிஷரின் பட்டத்தை ஃபிடே பறித்தது அநீதி என்று என் தந்தையார் இன்றும் சொல்கிறார். ஃபிஷர் கேட்டது என்னதான்?
— வாசகி, மதுரை

உங்கள் தந்தையார் தனியாக இல்லை. அந்தக் கருத்துடையவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். விவரத்தைப் பார்ப்போம்.

1972-இல் ரேக்யவிக் நகரில் ஸ்பாஸ்கியை 12½–8½ என வென்ற ஃபிஷர், இருபத்து நான்கு ஆட்டம் என்ற வரம்பு கோழைகளுக்குச் சாதகம் என்று கருதினார். முன்னிலை பெற்றவர் டிரா ஆடியே காலம் தள்ளலாம் அல்லவா? எனவே அடுத்த போட்டிக்கு மூன்று நிபந்தனைகள் வைத்தார். பத்து வெற்றி முதலில் பெறுபவருக்குப் பட்டம், டிராக்கள் கணக்கில் இல்லை. ஆட்டங்களின் எண்ணிக்கைக்கு வரம்பில்லை. 9–9 என்று வந்தால் பட்டம் சாம்பியனிடமே இருக்கும். 1975 மார்ச்சில் கூடிய ஃபிடேயின் சிறப்பு மாநாடு முதல் இரண்டையும் ஏற்றது, மூன்றாவதை ஏற்கவில்லை. ஃபிஷர் மூன்றில் ஒன்றையும் விட்டுத்தரவில்லை. ஏப்ரல் 3 அன்று, ஒரு காய்கூட நகர்த்தாமல் அனடோலி கார்போவ் சாம்பியனாக அறிவிக்கப்பட்டார்.

மூன்றாவது நிபந்தனையைக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். சாம்பியன் ஒன்பதாவது வெற்றியைத் தொட்டுவிட்டால் பட்டம் அவருக்கு உறுதி. எதிராளி எட்டில் இருந்தாலும், அடுத்து அவர் வென்றால் 9–9, போட்டி முடிந்தது. சவால் விடுபவருக்கோ பத்து வெற்றியும் வேண்டும், எதிராளி எட்டைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். அதாவது அவர் குறைந்தது இரண்டு வெற்றி கூடுதலாகப் பெற்றாக வேண்டும். ஃபிஷருக்கு ஆதரவாகச் சொல்ல ஒன்று உண்டு: 1886-இன் ஸ்டைனிட்ஸ்–சுகர்டார்ட் ஒப்பந்தத்திலும் 9–9 ஆனால் போட்டி சமம் என்ற வாசகம் இருந்தது. அவர் கேட்டது புதியதன்று, மிகப் பழையது. தனி மனிதர் பட்டத்துக்கு உரிமையாளராக இருந்த காலத்தின் விதி அது. அந்தக் காலம் 1946-இல் அலெகைனோடு முடிந்துவிட்டது என்பதை ஃபிஷர் ஒப்புக்கொள்ளவில்லை.

அப்போது ஃபிடே தலைவர் யார் தெரியுமா? மாக்ஸ் யூவே. 1972-இல் ஃபிஷர் வராமல் இழுத்தடித்தபோது தொடக்கத்தைத் தள்ளிவைத்து அவரைக் காப்பாற்றியவரும் அவரே. தம்மிடம் தோற்றவருக்கு மறுபோட்டி தந்து பட்டத்தை இழந்த ஒருவர், ஃபிஷர்மீது பகை கொண்டு செயல்பட்டார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. அநீதி என்றால் அது கார்போவுக்கு நேர்ந்தது. ஆடி வெல்லும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்காமலே போயிற்று.

1978 போட்டியில் தயிரால் சண்டை வந்தது உண்மையா?
— வாசகர், கோலாலம்பூர்

உண்மை. பிலிப்பைன்ஸின் பாகியோவில் நடந்த இரண்டாவது ஆட்டத்தின்போது கார்போவுக்கு ஊதா நிறத்தில் ஒரு கோப்பைத் தயிர் வந்தது. எதிரே அமர்ந்திருந்த விக்டர் கோர்ச்னாய் சோவியத் ஒன்றியத்தை விட்டு 1976-இல் வெளியேறியவர். தயிரின் நிறமோ நேரமோ இரகசியச் செய்தியாக இருக்கலாம் என்று அவர் தரப்பு புகார் செய்தது. இனிக் குறிப்பிட்ட நேரத்தில், குறிப்பிட்ட வகைத் தயிரே தரப்படும் என்று நடுவர் குழு உத்தரவு போட வேண்டியதாயிற்று. கார்போவ் தரப்பில் ஒரு மனோதத்துவ நிபுணர் அரங்கில் அமர்ந்து கோர்ச்னாயை முறைத்துக்கொண்டிருந்தார்; கோர்ச்னாய் கண்ணாடிபோல் எதிரொளிக்கும் மூக்குக்கண்ணாடி அணிந்து வந்தார். இத்தனைக்கும் நடுவே ஆட்டம் அபாரமாக இருந்தது. முதலில் ஆறு வெற்றி பெறுபவருக்கே பட்டம் என்ற அந்தப் போட்டியில், 2–5 எனப் பின்தங்கியிருந்த கோர்ச்னாய் 5–5 வரை வந்து, முப்பத்திரண்டாவது ஆட்டத்தில் தோற்றார்.

1984-இல் ஐந்து மாதம் நடந்த போட்டியை முடிவில்லாமல் நிறுத்தியது ஏன்?
— வாசகர், சேலம்

ஃபிஷரைத் திருப்திப்படுத்த ஏற்ற "வரம்பற்ற ஆட்டங்கள்" என்ற விதி, ஃபிஷர் போனபின்பும் தங்கிவிட்டது. பத்து வெற்றிக்குப் பதில் ஆறு வெற்றி என்று மட்டும் குறைத்துக்கொண்டார்கள். 1984 செப்டம்பர் 10 அன்று மாஸ்கோவில் கார்போவும் காஸ்பரோவும் தொடங்கினார்கள். ஒன்பது ஆட்டங்களில் கார்போவ் 4–0. பிறகு வரிசையாகப் பதினேழு டிரா. இருபத்தேழாவது ஆட்டத்தில் 5–0. இன்னும் ஒன்று போதும். அந்த ஒன்று வரவே இல்லை. முப்பத்திரண்டாவது ஆட்டத்தில் காஸ்பரோவ் தம் முதல் வெற்றியைப் பெற்றார். மீண்டும் டிராக்கள். நாற்பத்தேழாவதையும் நாற்பத்தெட்டாவதையும் அடுத்தடுத்து காஸ்பரோவ் வென்று 5–3 ஆனது. கார்போவ் மெலிந்து, களைத்துத் தெரிந்தார்.

1985 பிப்ரவரி 15 அன்று ஃபிடே தலைவர் கம்பொமானெஸ் செய்தியாளர்களைக் கூட்டி, இருவரும் சோர்ந்துவிட்டதால் போட்டி முடிவின்றி நிறுத்தப்படுகிறது, புதிய போட்டி பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்று அறிவித்தார். காஸ்பரோவ் அங்கேயே எதிர்ப்புத் தெரிவித்தார். இரண்டு முன்னிலைப் புள்ளிகளைக் கார்போவ் இழந்தார். கையில் வந்துகொண்டிருந்த வேகத்தைக் காஸ்பரோவ் இழந்தார். யார் யாருக்கு உதவினார்கள் என்று இன்றுவரை வாதம் ஓய்ந்தபாடில்லை. இருபத்து நான்கு ஆட்ட வரம்பு திரும்ப வந்தது. அவ்வாண்டே 13–11 என வென்று, இருபத்திரண்டு வயதில் காஸ்பரோவ் சாம்பியன் ஆனார். ஃபிடேமீது அவர் மனத்தில் அன்று விழுந்த வடு எட்டாண்டுகளில் பட்டத்தையே இரண்டாக உடைத்தது.

ஆனந்த் ஐந்து முறை சாம்பியன் என்கிறோம். குகேஷ் பதினெட்டாவது சாம்பியன் என்கிறோம். 2000-இல் ஆனந்த் வென்றதைச் சேர்த்தால் கணக்கு இடிக்கிறதே?
— வாசகர், சென்னை

வந்த கேள்விகளில் மிகக் கூர்மையானது இதுவே. கணக்கு இடிக்கத்தான் செய்கிறது.

1993-இல் சவால் விடும் உரிமையை வென்றவர் இங்கிலாந்தின் நைஜல் ஷார்ட். தங்களைக் கலக்காமல் மான்செஸ்டரைப் போட்டியிடமாக ஃபிடே அறிவித்துவிட்டது என்று சொல்லி, அவரும் காஸ்பரோவும் வெளியேறித் தனிச் சங்கம் அமைத்து லண்டனில் ஆடினார்கள். ஃபிடே காஸ்பரோவின் பட்டத்தை நீக்கி, கார்போவையும் டிம்மனையும் ஆடவைத்து கார்போவுக்குத் தந்தது. அன்று முதல் 2006 வரை உலகில் இரண்டு சாம்பியன்கள். ஒரு பட்டம் நபர்வழி வந்தது: முந்தைய சாம்பியனைப் பலகையில் வென்றவரே அடுத்த சாம்பியன் என்ற மரபு. மற்றது நிறுவனவழி வந்தது.

நபர்வழியும் யோக்கியமாக நடந்துவிடவில்லை. 1995-இல் நியூயார்க்கின் உலக வர்த்தக மையத்தில் ஆனந்த் காஸ்பரோவுடன் ஆடினார். முதல் எட்டு ஆட்டங்கள் டிரா, ஒன்பதாவதை ஆனந்த் வென்றார், அடுத்த ஐந்தில் நான்கைக் காஸ்பரோவ் வென்றார், போட்டியும் அவருக்கே போயிற்று. அதன்பின் 1998-இல் சவால் உரிமைக்காகக் கிராம்னிக்கை வென்றவர் ஷிரோவ். ஷிரோவுக்குப் போட்டியே நடக்கவில்லை. தோற்ற கிராம்னிக் 2000-இல் லண்டனில் காஸ்பரோவுடன் அமர்ந்து, ஒரு தோல்விகூட இல்லாமல் பட்டத்தை வென்றார். பெர்லின் தற்காப்பு என்ற பழைய முறையைக் காஸ்பரோவால் கடைசிவரை உடைக்க முடியவில்லை.

ஃபிடேயோ நூறு பேர் அளவில் மோதும் நாக்-அவுட் முறைக்குப் போனது. 1997 டிசம்பரில் குரோனிங்கனில் ஓய்வின்றி ஆடி எல்லோரையும் வென்ற ஆனந்த், புத்தாண்டு பிறந்த கையோடு லோசான் நகரில், அங்கே ஓய்வாகக் காத்திருந்த கார்போவை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. ஆறு ஆட்டங்களில் 3–3 வரை இழுத்து, ரேபிட்டில் தோற்றார். 2000 டிசம்பரில் டெஹ்ரானில் ஷிரோவை 3½–½ என வென்று முதல்முறை சாம்பியன் ஆனார். 2007-இல் மெக்சிகோ நகரில் எண்மர் ஆடிய போட்டியில் தோல்வியின்றி முதலிடம். 2008-இல் பானில் கிராம்னிக், 2010-இல் சோபியாவில் டோபலோவ், 2012-இல் மாஸ்கோவில் கெல்ஃபாண்ட். நாக்-அவுட், பலர் ஆடும் போட்டி, இருவர் ஆடும் போட்டி என மூன்று வழியிலும் பட்டம் வென்றவர் அவர் ஒருவரே.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். ஸ்டைனிட்ஸ் முதல் குகேஷ் வரை பதினெட்டு என்பது நபர்வழிக் கணக்கு. அதில் ஆனந்த் பதினைந்தாமவர், காலிஃப்மன், போனமரியோவ், காசிம்ஜானோவ், டோபலோவ் ஆகியோருக்கு இடமில்லை. ஆனந்துக்கு ஐந்து பட்டம் என்பது நிறுவனவழிக் கணக்கையும் சேர்த்தது. நாம் ஆனந்துக்கு ஒரு தராசும் குகேஷுக்கு வேறொரு தராசும் வைத்திருக்கிறோம். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. உக்ரைனின் ருஸ்லான் போனமரியோவ் 2002 ஜனவரியில் ஃபிடே நாக்-அவுட்டை வென்றபோது அவருக்கு வயது பதினெட்டே கால். குகேஷ் சிங்கப்பூரில் வென்றபோது பதினெட்டரை. நாக்-அவுட் பட்டம் செல்லும் என்றால் மிக இளையவர் குகேஷ் அல்லர். செல்லாது என்றால் ஆனந்துக்கு நான்குதான். என் சொந்த விருப்பம் நபர்வழிக் கணக்கு. அதற்காக 2000-ஆம் ஆண்டை ஆனந்திடமிருந்து கழிக்கச் சொன்னால் எனக்கும் கை வரவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

டிங் லிரென் தவறு செய்ததால்தான் குகேஷ் வென்றார் என்று என் நண்பர்கள் குறை சொல்கிறார்கள். பட்டப் போட்டிகளில் இப்படி முன்பு நடந்ததுண்டா?
— பள்ளி மாணவர், திருநெல்வேலி

தவறே இல்லாமல் தோற்றவர் சதுரங்கத்தில் எவரும் இல்லை.

2024 டிசம்பர் 12 அன்று பதினான்காவது ஆட்டம் தொடங்கும்போது குகேஷுக்கும், அதுவரை சாம்பியனாக இருந்த சீனாவின் டிங்குக்கும் தலா ஆறரைப் புள்ளி. ஆட்டத்தின் முடிவுக் கட்டத்தில், கறுப்புக் காய்களோடு ஆடிய குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். இருவரிடமும் ஒரு யானை (ரூக்), ஒரு மந்திரி (பிஷப்). பொறுமையாக ஆடினால் டிரா ஆக வேண்டிய நிலை. டிங்கின் மந்திரி பலகையின் மூலையில் போய் நின்றிருந்தது. ஐம்பத்தைந்தாவது நகர்த்தலில் யானைகளை வெட்டிக்கொள்ள வழிவிட்டு அவர் தம் யானையைப் பின்னிழுத்தார். யானைகள் போனதும் குகேஷ் தம் மந்திரியை நேர் எதிரே கொண்டுவந்து நிறுத்தினார். மூலையில் இருந்த மந்திரிக்குத் தப்ப இடமில்லை, வெட்டிக்கொள்ளத்தான் வேண்டும். மிஞ்சியது ராஜாவும் சிப்பாய்களும் மட்டும், அதில் கூடுதல் சிப்பாய்க்கு வெற்றி நிச்சயம். ஐம்பத்தெட்டாவது நகர்த்தலோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். நான்கு மணி நேரத்துக்கும் மேலாக, டிராவுக்கு எளிதில் சம்மதிக்காமல் எதிராளியை யோசிக்க வைத்துக்கொண்டே இருந்தால்தான் இப்படிப்பட்ட தவறு பிறக்கும்.

இதற்கு முன்னோடிகள் தாராளமாக உண்டு. 1892-இல் ஹவானாவில் ஸ்டைனிட்ஸுக்கு எதிரான இருபத்து மூன்றாவது ஆட்டத்தில், ரஷ்யரான சிகோரின் ஒரு காய் கூடுதலாக வைத்திருந்தார், வென்றிருந்தால் 9–9. தம் ராஜாவுக்குக் காவலாக நின்ற மந்திரியை அவர் வேறிடம் நகர்த்த, இரண்டே நகர்த்தலில் மேட் விழும் நிலை வந்து, பட்டமும் போயிற்று. 1972-இன் முதல் ஆட்டத்தில் ஃபிஷர் ஓர ஓரமாய் நின்ற ஒரு சிப்பாயைத் தம் மந்திரியால் வெட்டி, அந்த மந்திரியைச் சிறைப்பட விட்டு, டிரா ஆக வேண்டிய ஆட்டத்தைத் தோற்றார். இரண்டாவது ஆட்டத்துக்கு வரவே இல்லை. 0–2 எனப் பின்தங்கியவர்தான் அந்தப் போட்டியை வென்றார்.

பெண்களுக்கான உலகப் பட்டம் எப்போது வந்தது? ஆண்கள் பட்டத்துக்குப் பெண்கள் ஆட முடியாதா?
— வாசகி, புதுச்சேரி

முதல் பெண்கள் பட்டத்தை 1927-இல் லண்டனில் வென்றவர் வேரா மென்சிக். மாஸ்கோவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்தவர். 1944 ஜூனில் லண்டன்மீது விழுந்த ஜெர்மானியப் பறக்கும் குண்டுக்குத் தாயோடும் தங்கையோடும் பலியாகும்வரை பட்டம் அவரிடமே இருந்தது. அலெகைன் இறந்தபோது நேர்ந்த வெற்றிடம் இங்கும் நேர்ந்து, மாஸ்கோவில் 1949–50 குளிர்காலத்தில் நடந்த போட்டியில் லுட்மிலா ருடென்கோ அதை நிரப்பினார். 1962 முதல் 1991 வரை ஜார்ஜியாவைச் சேர்ந்த இருவரே, கப்ரிண்டாஷ்விலியும் சிபுர்டானிட்சேயும், பட்டத்தை வைத்திருந்தார்கள். இந்தியாவின் கோனேரு ஹம்பி 2011-இல் அல்பேனியாவின் டிரானாவில் ஹோவ் யிஃபானிடம் ஆடித் தோற்றார்.

"ஆண்கள் பட்டம்" என்று ஒன்று கிடையாது. குகேஷ் வென்றது பொதுப் பட்டம். தகுதி பெறும் எவரும் அதற்கு ஆடலாம். 2005-இல் அர்ஜென்டினாவின் சான் லூயிஸில் ஃபிடே பட்டத்துக்காக ஆடிய எண்மரில் ஹங்கேரியின் ஜூடிட் போல்கரும் ஒருவர். கடைசி இடமே கிடைத்தது. அந்தக் கட்டம்வரை வந்த பெண் இன்றுவரை அவர் ஒருவர்தான்.